ககன்யான்: 40 மாதம் எட்டு ஆண்டான கதை

2018 டிசம்பர் 28 அன்று மத்திய அமைச்சரவை, இந்தியரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த அறிவிப்பில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று செலவு: 10,000 கோடி ரூபாய்க்குள். இன்னொன்று காலம்: 40 மாதம். மூன்று பேர் வரை ஏறக்கூடிய கலம், ஏழு நாள் வரை பயணம், அதற்கு முன் ஆளில்லாமல் இரண்டு சோதனைப் பயணம் என்பது திட்டம். கணக்குப்படி 2022 ஏப்ரல் வாக்கில் ஒரு இந்தியர் இந்திய ராக்கெட்டில் பூமியைச் சுற்றியிருக்க வேண்டும்.

அது நடக்கவில்லை. ஆள் ஏறும் பயணத்துக்கு இப்போது சொல்லப்படும் ஆண்டு 2027. அனுமதித்த செலவும் 20,193 கோடியாகிவிட்டது. "இஸ்ரோ இவ்வளவு தாமதிக்குமா?" என்று கேட்பவர்களும் உண்டு, "பொறுமையாகச் செய்வதுதான் சரி" என்று தேற்றுபவர்களும் உண்டு. இரு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை நடந்த விதத்தில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேலை என்னவென்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே தேதி குறித்ததுதான் கோளாறு.

தேதி எங்கிருந்து வந்தது

2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் மோடி, சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டான 2022க்குள் இந்தியாவின் மகனோ மகளோ விண்வெளிக்குப் போவார் என்று அறிவித்தார். அமைச்சரவை ஒப்புதல் அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. தேதி முதலில், திட்டம் பிறகு. 40 மாதம் என்ற எண் பொறியாளர்களின் மேசையிலிருந்து வந்ததா, நாட்காட்டியிலிருந்து வந்ததா என்று சந்தேகப்பட இந்த வரிசை ஒன்றே போதும்.

அதே சமயம், வெறுங்கையோடு தொடங்கிய வேலையும் இல்லை இது. மனிதரை அனுப்புவது பற்றி இஸ்ரோ 2006 நவம்பரில் பெங்களூருவில் விஞ்ஞானிகளைக் கூட்டி ஆலோசித்தது. 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போன 550 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கலம் 12 நாள் சுற்றிவிட்டுத் திரும்பி வங்காள விரிகுடாவில் விழுந்தது. சுற்றுப்பாதையிலிருந்து ஒரு பொருளைப் பத்திரமாக இறக்க முடியும் என்று இந்தியா காட்டியது அப்போதுதான். 2014 டிசம்பர் 18 அன்று எல்.வி.எம்.3 ராக்கெட்டின் முதல் சோதனைப் பயணம், சுமார் 3.7 டன் எடையுள்ள வீரர் கலத்தின் மாதிரியை 126 கி.மீ. உயரம் வரை கொண்டுபோய் விட்டது. அது அந்தமான் பக்கம் கடலில் இறங்கியது. கடலோரக் காவல்படைக் கப்பல் அதை எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2018 ஜூலை 5 அன்று, செங்கோட்டை அறிவிப்புக்கு ஆறு வாரம் முன்னால், ஏவுதளத்திலேயே ஆபத்து வந்தால் வீரர்களோடு கலத்தைப் பிய்த்துக்கொண்டு பறக்கும் தப்பிக்கும் அமைப்பின் சோதனையும் ஸ்ரீஹரிகோட்டாவில் வெற்றியாக முடிந்தது.

ஆக, ராக்கெட் இருந்தது. கலத்தின் வடிவம் இருந்தது. தப்பிக்கும் மோட்டார் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

மற்ற நாடுகளுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று பார்த்தால் இந்தக் கணக்கின் துணிச்சல் புரியும். சீனா தன் மனித விண்வெளித் திட்டத்துக்கு 1992 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது. நான்கு ஆளில்லாப் பயணங்களை முடித்துவிட்டு 2003 அக்டோபர் 15 அன்றுதான் யாங் லிவெய்யை அனுப்பியது. பதினோரு ஆண்டு. அமெரிக்காவின் மெர்குரி திட்டம் 1958 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, 1962 பிப்ரவரியில் ஜான் கிளென் பூமியைச் சுற்றினார். வேடிக்கை என்னவென்றால் அது சரியாக 40 மாதம்தான்! ஆனால் அது பனிப்போர் காலம். செலவுக்குக் கை கட்டவில்லை, வீரர்களின் உயிரை வைத்து எடுத்த துணிச்சலும் இன்று எந்த நாடும் எடுக்கக்கூடியது இல்லை. அந்த வேகத்தை இந்திய பட்ஜெட்டில் எதிர்பார்த்ததை எப்படி நியாயப்படுத்துவது?

ராக்கெட்டுக்குத் தகுதிச் சான்று

எல்.வி.எம்.3 நல்ல ராக்கெட். சந்திரயான் 2, சந்திரயான் 3, ஒன்வெப் செயற்கைக்கோள்கள் எல்லாம் அதில்தான் போயின. ஆனால் செயற்கைக்கோளை ஏற்றும் ராக்கெட்டும் ஆளை ஏற்றும் ராக்கெட்டும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றல்ல. செயற்கைக்கோள் போனால் இழப்பீடு பேசலாம். ஆளை ஏற்றும்போது ஒவ்வொரு இன்ஜினும் வழக்கமாக ஓட வேண்டிய நேரத்தையும் அழுத்தத்தையும் தாண்டி ஓடிக் காட்ட வேண்டும்.

இந்தச் சான்று பெறும் வேலையில் பெரும்பகுதி நடந்தது திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில். மேல் அடுக்கில் இருக்கும் சி.இ.20 கிரையோஜெனிக் இன்ஜினை, அதாவது மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் இன்ஜினை, எடுத்துக்கொள்ளலாம். நான்கு இன்ஜின்களை மாற்றி மாற்றி 39 முறை எரித்தார்கள். தேவைப்பட்ட குறைந்தபட்ச நேரம் 6,350 விநாடி. எரித்தது 8,810 விநாடி. 2024 பிப்ரவரி 13 அன்று கடைசிச் சோதனை முடிந்தது. இந்தத் தொழில்நுட்பத்தை 1990களில் ரஷ்யாவிடமிருந்து வாங்கப் போட்ட ஒப்பந்தம் அமெரிக்க அழுத்தத்தால் முறிந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். அன்று கிடைக்காமல் போனதை இங்கேயே உருவாக்கிய அணியில் இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன். 2025 ஜனவரியிலிருந்து இஸ்ரோ தலைவர் அவர்தான்.

பக்கவாட்டு பூஸ்டர்கள் வேறு மாதிரித் தலைவலி. ஒவ்வொன்றிலும் 203 டன் திட எரிபொருள். திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க வழியே இல்லை. 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேரோடு சிதறியதற்குக் காரணம், அதன் திட பூஸ்டரின் பகுதிகள் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போனது. எல்.வி.எம்.3 பூஸ்டரும் மூன்று பகுதிகளைச் சேர்த்துச் செய்ததுதான். அதனால் ஆள் ஏற்றும் வடிவத்தில் இணைப்புகளிலும் வெப்பக் காப்பிலும் பற்றவைக்கும் அமைப்பிலும் கூடுதல் பாதுகாப்பு சேர்த்து, 2022 மே 13 அன்று முழு பூஸ்டரையும் ஸ்ரீஹரிகோட்டாவில் 135 விநாடி எரித்துப் பார்த்தார்கள். ஆள் போயிருக்க வேண்டிய அதே ஆண்டில்தான் பூஸ்டருக்கே சோதனை நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் கொரோனா ஒன்றரை ஆண்டை விழுங்கியது உண்மை. அது வந்திருக்காவிட்டாலும் 2022 நடந்திருக்காது.

யாரும் விற்காத பொருள்

என் பார்வையில் இந்தத் திட்டத்தின் கால அட்டவணையை உண்மையில் உடைத்தது ராக்கெட் இல்லை, மூச்சு. மூன்று பேர் மூடிய கலத்துக்குள் இருக்கும்போது ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை இழுக்க வேண்டும், ஈரத்தைப் பிடிக்க வேண்டும், வெப்பத்தைச் சீராக வைக்க வேண்டும், தீப்பிடித்தால் கண்டுபிடித்து அணைக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்து உயிர்காப்பு அமைப்பு என்கிறார்கள். செயற்கைக்கோள் செய்த அனுபவம் எதுவும் இதற்கு உதவாது. செயற்கைக்கோள் மூச்சு விடுவதில்லை.

இதை வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார்கள். 2023இல் அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் பொதுமேடையிலேயே ஒளிக்காமல் சொன்னார்: எங்களுக்கு இதில் அனுபவம் இல்லை, மற்ற நாடுகளிடம் கேட்டோம், யாரும் தரத் தயாராக இல்லை, அதனால் நாங்களே செய்கிறோம் என்று. வீரர்களுக்கான பயிற்சி ரஷ்யாவிலிருந்து கிடைத்தது. ஆனால் கலத்தை உயிரோடு வைக்கும் அறிவை யாரும் கொடுக்கவில்லை.

திட்டத்தை எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். வாங்குவோம் என்ற எண்ணத்தில் போட்ட கால அட்டவணை ஒன்று. செய்வோம் என்றானதும் வேண்டிய கால அட்டவணை வேறொன்று. முதல் கணக்கு தவறியதும், இந்த உறுப்புக்கு மட்டும் இத்தனை ஆண்டு கூடுதலாக ஆகும் என்று நாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக "அடுத்த ஆண்டு" என்றே ஒவ்வொரு ஆண்டும் சொல்லிவந்தார்கள். 2022 போய் 2024 வந்தது, பிறகு 2025, பிறகு 2026, இப்போது 2027. கொத்தனார் "நாளைக்கு வந்துடறேங்க" என்பது மாதிரி ஆகிவிட்டது.

தப்பிக்கத் தெரிய வேண்டும்

1983 செப்டம்பர் 26 அன்று பைக்கனூர் ஏவுதளத்தில் சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் ராக்கெட் ஒன்று புறப்படும் முன்பே தீப்பிடித்தது. உள்ளே இருந்த விளாதிமிர் திதோவ், கென்னாதி ஸ்த்ரெகலோவ் இருவரையும் கலத்தின் உச்சியில் இருந்த தப்பிக்கும் ராக்கெட் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றியது. அதற்கு ஆறு மாதம் கழித்து, 1984 ஏப்ரல் 3 அன்று, அதே வகை ராக்கெட்டில்தான் ராகேஷ் சர்மா ஏறினார். 2018 அக்டோபர் 11 அன்று மறுபடி ஒரு சோயுஸ் நடுவானில் கோளாறானது. அப்போதும் இருவர் தப்பினார்கள். மனித விண்வெளிப் பயணத்தில் தப்பிக்கும் அமைப்பு என்பது சம்பிரதாயத்துக்கு வைக்கும் உதிரி இல்லை.

இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் எல்.வி.எம்.3ஐ ஏவ முடியாது, செலவு கட்டாது. இஸ்ரோ இதற்கு ஒரு நல்ல யோசனை செய்தது. ஜி.எஸ்.எல்.வி.யின் பக்கவாட்டில் இருக்கும் விகாஸ் இன்ஜின் கொண்ட ஒற்றை அடுக்கை எடுத்து, அதன் தலையில் வீரர் கலத்தையும் தப்பிக்கும் அமைப்பையும் வைத்துக் குறைந்த செலவில் ஒரு சோதனை ராக்கெட் செய்தார்கள். வேண்டிய உயரம், வேண்டிய வேகம் வந்ததும் "இப்போது ஆபத்து" என்று பாவித்து மேலே இருப்பதைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

முதல் சோதனை 2023 அக்டோபர் 21. காலை 8 மணிக்கு என்றார்கள், பிறகு எட்டரை, பிறகு எட்டேமுக்கால். எண்ணிக்கை இறங்கி ஐந்து விநாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சப்பென்று போயிருக்கும். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். சுமார் 12 கி.மீ. உயரத்தில், ஒலியைவிடச் சற்று அதிக வேகத்தில், தப்பிக்கும் மோட்டார்கள் எரிந்து கலத்தைப் பிரித்தெடுத்தன. சுமார் 17 கி.மீ. உயரத்தில் கலம் தனியானது, பாராசூட்கள் விரிந்தன, கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் கடலில் இறங்கியது. இறங்கிய கலம் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்தால் நிமிர்த்தும் காற்றுப்பைகள் அந்த மாதிரியில் இல்லை. உண்மைப் பயணத்தில் அவை இருக்கும்.

என்னைக் கேட்டால், அன்றைய சோதனையில் மிகச் சிறந்த நிமிடம் ஐந்து விநாடிக்கு முன் நின்றதுதான். கூட்டம், நேரலை, அமைச்சர்கள் எதையும் பார்க்காமல் ஒரு கணினி "வேண்டாம்" என்று சொன்னது, அதை மனிதர்களும் மதித்தார்கள்.

பத்து பாராசூட்

1967இல் சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் கொமரோவ் இறந்தது பாராசூட் சரியாக விரியாததால்தான். சுற்றுப்பாதை வரை போய்த் திரும்பியவர் கடைசிச் சில கி.மீ.யில் உயிரிழந்தார். ககன்யான் கலத்தில் மொத்தம் 10 பாராசூட். முதலில் இரண்டு, மேல்மூடியைப் பிய்க்கும். அடுத்து இரண்டு, கலத்தின் ஆட்டத்தை அடக்கி வேகத்தைக் குறைக்கும். பிறகு மூன்று சிறிய பாராசூட்கள் மூன்று பெரியவற்றை வெளியே இழுக்கும். மூன்றில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டு போதும் என்ற கணக்கில் செய்தவை அவை. கடலைத் தொடும்போது வேகம் விநாடிக்கு சுமார் 8 மீட்டர்.

இந்தச் சோதனைகளுக்குத் தொலைக்காட்சி வெளிச்சம் அதிகம் விழுவதில்லை. ஆனால் திட்டத்தின் தரத்தை இவற்றில்தான் பார்க்க முடிகிறது. 2025 ஆகஸ்ட் 24 அன்று விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் 4.8 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை 3 கி.மீ. உயரத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டா அருகே கடலில் போட்டது. பாராசூட்கள் வரிசைப்படி விரிந்தன. கடற்படைக் கப்பல் கலத்தை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. 2025 நவம்பர் 3 அன்று ஜான்சி அருகே பபினாவில் நடந்தது இன்னும் சுவாரசியம். பெரிய பாராசூட் ஒரே அடியில் விரியாது. முதலில் பாதி, பிறகு முழுதாக. இரண்டு பாராசூட்களில் ஒன்று சீக்கிரம் முழுதாக விரிந்து மற்றது பிந்தினால் என்ன ஆகும்? கலம் ஒரு பக்கம் இழுபடும், முழுப் பாரமும் ஒன்றின் தலையில் விழும். இந்த மோசமான நிலையை வேண்டுமென்றே உருவாக்கி, விமானத்திலிருந்து பாரத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். தாங்கியது. எல்லாம் சரியாக நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது எளிது. எது எப்படியெல்லாம் பிசகும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து யோசித்துச் சோதிப்பதில்தான் ஆண்டுகள் கரைகின்றன. இந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மகேந்திரகிரியில் சர்வீஸ் மாட்யூல், அதாவது வீரர் கலத்தோடு இணைந்து போகும் பகுதி, அதன் உந்து அமைப்பின் சோதனைகளும் 2025 ஜூலை 11 அன்று 350 விநாடி எரிப்போடு முடிந்தன. வீரர்களைச் சுற்றுப்பாதையிலிருந்து கீழே இறக்கும் பிரேக் இதன் கையில்தான் இருக்கிறது.

பயணச்சீட்டு வாங்கிப் போனவர்

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் நான்கு விமானப்படை விமானிகளின் பெயர்கள் வெளியாயின: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இவர்களில் சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம் 4 பயணத்தில் அமெரிக்க ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலை 15 அன்று திரும்பினார். நாயர் மாற்று வீரர்.

இதற்கு இந்தியா கொடுத்த பணம் சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. வீண்செலவு என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏவுவதற்கு முன் ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. அதை முழுதாகச் சரிசெய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்று அங்கே போயிருந்த இஸ்ரோ குழு விடாமல் நின்றது என்று நாராயணன் சொன்னார். தம் வீரர் உட்காரப்போகும் ராக்கெட்டைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்லிப் பழகுவது இஸ்ரோவுக்கு முதல் தடவை. அந்தப் பழக்கத்தைப் புத்தகத்தில் படித்து வாங்க முடியாது. ஏவுவதற்கு முன் வீரர்களைத் தனிமைப்படுத்துவது, திரும்பியதும் உடலைத் தேற்றுவது, வாரக்கணக்கில் எடையின்றி வேலை செய்வது எல்லாவற்றையும் ஒருவர் அனுபவித்துவிட்டு வந்து மற்ற மூவருக்கும் சொல்ல முடிகிறது.

பணம்

2024 செப்டம்பர் 18 அன்று அமைச்சரவை 11,170 கோடியைக் கூடுதலாகக் கொடுத்து மொத்தத்தை 20,193 கோடியாக்கியது. இதை "செலவு இரட்டிப்பானது" என்று எழுதுவது சரியில்லை. திட்டமே பெரிதானது. 2028 டிசம்பருக்குள் எட்டுப் பயணங்கள், அதில் இந்தியா கட்ட நினைக்கும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்ந்திருக்கிறது. 2035க்குள் நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்று மேலும் இரண்டு தேதிகள் 2023 அக்டோபரிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. தேதி முதலில், திட்டம் பிறகு என்ற பழக்கம் போகவில்லை.

மறைக்காமல் சொல்வார்களா

எனக்கு உண்மையான கவலை ஒன்றே ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி. எஃப்10 தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு கசிந்து அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று இஸ்ரோ விவரமாக வெளியிட்டது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி61 மூன்றாம் அடுக்கில் தோற்றது. அதன் ஆய்வறிக்கை பொதுவெளிக்கு வராமலேயே 2026 ஜனவரி 12 அன்று சி62 ஏவப்பட்டு, அதுவும் அதே மூன்றாம் அடுக்கில் தோற்றது. பி.எஸ்.எல்.வி. வேறு, எல்.வி.எம்.3 வேறு, அதன் கோளாறு இதற்கு ஒட்டாது என்று சொல்லலாம், தொழில்நுட்பப்படி அது சரிதான். ஆனால் நிறுவனம் ஒன்றுதான். தவறை ஆராய்ந்து, வெளியே வைத்து, வெளி ஆட்களின் கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் ஒரு ராக்கெட்டுக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் இருக்க முடியாது. ஆளை ஏற்றும் திட்டத்துக்கு மட்டுமாவது, ஒவ்வொரு ஆளில்லாப் பயணத்தின் ஆய்வறிக்கையும் அடுத்த பயணத்துக்கு முன்பே வெளிவர வேண்டும் என்பது என் கருத்து.

ஆள் ஏறுவதற்கு முன் மூன்று ஆளில்லாப் பயணங்கள் என்பது இப்போதைய திட்டம். முதல் பயணத்துக்கான ராக்கெட்டை அடுக்கும் வேலை 2024 டிசம்பர் 18 அன்று, 2014 சோதனையின் பத்தாம் ஆண்டு நாளில், ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கியது. வியோமித்ரா என்ற பாதி உடல் ரோபோ அதில் போகும். அந்தப் பயணத்தில் ஏவுதலை எல்லோரும் பார்ப்பார்கள்; நான் பார்க்கப்போவது இறக்கத்தை. 2014இல் கலம் சுற்றுப்பாதைக்குப் போகாமலே திரும்பியது. 2007இல் சுற்றுப்பாதையிலிருந்து வந்தது அதைவிடப் பல மடங்கு சிறியது. முழு எடையுள்ள கலம் முழு வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் பாய்ந்து அந்தச் சூட்டைத் தாங்குவதை இந்தியா இன்னும் ஒருமுறைகூடச் செய்து காட்டவில்லை.

இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாயர் 1976இல் பிறந்தவர். 2027 பிறக்கும்போது அவருக்கு 50 வயது. அஜித் கிருஷ்ணனும் அங்கத் பிரதாப்பும் 1982. இளையவரான சுக்லாவே 1985. இவர்கள் ரஷ்யாவில் பயிற்சி முடித்தது 2021 மார்ச்சில். இன்னொரு இரண்டு ஆண்டு தள்ளிப்போனால், ராக்கெட்டுக்குப் பிறகு வீரர்களுக்கும் புதிதாகத் தகுதிச் சான்று எழுத வேண்டியிருக்கும்.